பட்டறைப் பக்கம்: பின்வளவில் ஒரு கொட்டில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டோடு ஒட்டிய கைவேலைகள் பற்றியவை. மே மாத மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவற்றில் தெரிகிறது. கேள்வி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அளவுகளை எழுதுங்கள். "ஒரு சின்ன அறை", "கொஞ்சம் உயரமான சுவர்" என்று எழுதினால், இரத்மலானை ரயில் பட்டறையில் தலைமுடி நரைக்கும் வரை மில்லிமீற்றரில் திட்டு வாங்கிய எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

ஐயா, எங்கள் வீடு 7 பேர்ச் காணியில் இருக்கிறது. பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் 10 அடிக்கு 12 அடி அளவில் தச்சு வேலைக்கு ஒரு கொட்டில் கட்ட நினைக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இளைப்பாறிய காலத்துக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும். சீமெந்து எத்தனை பை, கல் எத்தனை, அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்று எழுதுவீர்களா? சிறிய கொட்டில்தானே, மாநகர சபைக்குப் போகத்தான் வேண்டுமா?
— ம.ச., கிருலப்பனை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போகத்தான் வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் கொழும்பு நகரம் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசம். அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கூரை போடுகிற எதற்கும் அனுமதி தேவை. கட்டி முடித்த பிறகு, அனுமதித்த வரைபடப்படிதான் கட்டினீர்கள் என்று உறுதிசெய்யும் இணக்கச் சான்றிதழும் எடுக்க வேண்டும். சிறியது பெரியது என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். வங்கியில் இருந்தவர், கையொப்பம் இல்லாத காசோலையை நீங்கள் மாற்றிக் கொடுத்திருப்பீர்களா?

"சும்மா கிடக்கும் இடம்" என்கிறீர்கள். அது சும்மா கிடக்கவில்லை. 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,906 சதுர அடி. அதில் வீடு கட்டியபோது, காற்றும் வெளிச்சமும் வருவதற்குப் பின்பக்கத்தில் இவ்வளவு வெளி விட வேண்டும் என்ற விதிப்படிதான் அந்த இடத்தை விட்டிருப்பார்கள். வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். பின்வெளியின் அகலம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். கொட்டில் அந்தக் கோட்டுக்குள் வருமானால் மாநகர சபை மறுக்கும், நியாயமாகவே மறுக்கும். அப்படியானால் வாகனம் நிறுத்தும் இடத்தின் ஒரு பக்கத்தையே பட்டறையாக்கலாமா என்று பாருங்கள். கூரை ஏற்கனவே இருக்கிறது, செலவில் பாதி மிச்சம். உள்ளதைச் சொன்னால், கொழும்பில் நல்ல வீட்டுப் பட்டறைகள் பலவும் காரின் இடத்தில்தான் இருக்கின்றன. கார்தான் தெருவில் நிற்கிறது.

அதே வரைபடத்தில் கழிவுக் குழாய் போகும் தடத்தையும், மூடிக் குழிகள் இருக்கும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றின் மேல் தளம் போட்டுவிட்டால், அடைப்பு வரும் நாளில் புதுத் தளத்தை உடைக்க அலவாங்கு தேட வேண்டியிருக்கும்.

அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். அத்திவாரத்தின் ஆழத்தை நான் இங்கிருந்து எழுத முடியாது, உங்கள் மண்தான் சொல்ல வேண்டும். கொட்டில் வரும் இடத்தின் இரண்டு மூலைகளில் மூன்றடிக்குக் குழி தோண்டிப் பாருங்கள். சிவப்புக் கிரவல் மண் இறுக்கமாக வந்தால் நல்ல காலம். இரண்டடி ஆழத்தில் கருங்கல் அத்திவாரம் தாராளமாகப் போதும். கறுப்புச் சேறு வந்தாலோ, குழியில் தண்ணீர் ஊறினாலோ கல் சுவர் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கால்வாய்களை அண்டிய பகுதிகளில் நிரப்பிய சதுப்பு நிலம் நிறைய உண்டு. அது பாரம் ஏறினால் அமிழும், அதுவும் ஒரு பக்கமாகத்தான் அமிழும். அத்தகைய நிலத்தில், கம்பி வலை வைத்த ஒரே தளத்தின் மேல் இரும்புப் பெட்டிக் குழாய்ச் சட்டமும் தகடும் பொருத்திய இலகுவான கொட்டில்தான் சரி.

இனி நீங்கள் கேட்ட கணக்கு. 10க்கு 12 அடியில் 4 அங்குலத் தளம் என்றால் 40 கன அடி கொங்கிரீட். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி என்ற 1:2:4 கலவைக்கு 50 கிலோ சீமெந்து ஏழரைப் பை வரும், எட்டாக வாங்குங்கள். மணல் ஏறக்குறைய 18 கன அடி, முக்கால் அங்குலச் சல்லி 35 கன அடி. 100 கன அடி கொண்டதுதான் ஒரு கியூப் என்பதால் இரண்டும் சேர்ந்தாலும் அரைக் கியூப்பை ஒட்டித்தான் வருகிறது. கடைக்காரர் இரண்டையும் ஒவ்வொரு கியூப் ஏற்றிவிடப் பார்ப்பார், கவனம். 4 அங்குலச் சீமெந்துக் கல்லில் 8 அடி உயரச் சுவருக்கு, ஒரு கதவையும் இரண்டு சன்னல்களையும் கழித்தால், 350 கற்கள் அளவில் தேவை. உடைவுக்கும் வெட்டுக்கும் சேர்த்து 375. விலைகளை எழுத மாட்டேன். இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருமுன் அவை மாறிவிடும். பழைய சோனகத் தெருவில் இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கிக் கேளுங்கள், கடைக்குக் கடை விலை மாறும்.

தளத்தின் கீழே தடித்த பொலித்தீன் விரியுங்கள். தளம் வளவு மண்ணைவிட ஆறங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். இந்த ஊரில் மரவேலைக்காரனின் எதிரி ஈரம். கீழிருந்து வருகிற ஈரத்தைத் தளம் போடும் நாளில் மட்டும்தான் தடுக்கலாம், பிறகு முடியாது.

கொங்கிரீட் போடும் அன்று மேசன் பாஸ் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். கலவை கஞ்சி போல ஓடினால் அவருக்குப் பரப்புவது எளிது. உங்களுக்கோ தளம் தூசு கக்கும், மேற்பரப்பு வெடிக்கும். ஒரு பைச் சீமெந்துக்கு 25 லீற்றர், அதைச் சற்றுத் தாண்டலாம், அவ்வளவுதான். மணல் நனைந்திருந்தால் அதற்கும் குறைவு. அளந்த வாளியுடன் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். பாஸ் முகம் சுளித்தால் ஒரு பிளேன்டீ கொடுங்கள், வாளியை மட்டும் கொடுக்காதீர்கள். போட்ட பிறகு ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்தி நனைத்து வாருங்கள். சிலர் வரம்பு கட்டித் தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். அதை மறந்துவிட்டால் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் வரை வளர ஒன்றரை வாரம் கூடத் தேவையில்லை. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பது குற்றம். சுகாதாரப் பரிசோதகர் கட்டட வேலை நடக்கும் வளவுக்குத்தான் முதலில் வருவார்.

கூரையைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. பணத்தை அங்கேதான் செலவழிக்க வேண்டும். கொழும்பில் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் சூரியன் நேரே உச்சியில் நிற்கிறது. மற்ற மாதங்களிலும் அதிகம் சரிவதில்லை. வெறும் தகட்டின் கீழே பகல் பன்னிரண்டு மணிக்குச் சீவுளி பிடித்துப் பாருங்கள், பொழுதுபோக்கு போதும் என்று எழுந்துவிடுவீர்கள். துத்தநாக அலுமினியத் தகட்டின் அடியில் வெப்பம் தடுக்கும் வெள்ளித்தாள் விரிப்பு போடுங்கள். சுவர் உச்சிக்கும் கூரைக்கும் இடையில் ஆறங்குல இடைவெளி விட்டுக் கம்பி வலை அடியுங்கள், சூடான காற்று அந்த வழியாக வெளியேறும். 10 அடி அகலத்துக்கு 2 அடி சரிவு கொடுங்கள். அந்தச் சரிவு உங்கள் வளவுப் பக்கம் இருக்கட்டும். அயலவர் மதிலில் உங்கள் மழைநீர் விழ ஆரம்பித்தால் ஒரு பருவமழைக்குள் இருபது வருட உறவு முறிந்துவிடும். தகட்டைக் கிரைண்டரால் வெட்ட விடாதீர்கள். பறக்கும் தீப்பொறி பூச்சைச் சுட்டுவிடும், ஒவ்வொரு பொறி விழுந்த இடத்திலும் துரு பிடிக்கும். தகடு வெட்டும் கத்தரிக்கோல்தான் அதற்கு.

மின்சாரத்துக்கு வீட்டுப் பிளக்கிலிருந்து நீட்டு வயர் இழுக்க வேண்டாம். பிரதான பலகையிலிருந்து தனி இணைப்பு, 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், சரியான புவித்தொடுப்பு. உரிமம் உள்ள மின்னிணைப்பாளர் செய்யட்டும். கட்டட வேலையில் எல்லாவற்றையும் சொந்தக் கையால் செய்து பார்க்கலாம் என்று சொல்கிற நான், இதில் மட்டும் கையைக் கட்டிக்கொள்கிறேன்.

வணக்கம் ஐயா. கடற்கரைப் பக்கத் தொடர்மாடியில் நான்காம் மாடியில் இருக்கிறோம். பல்கனியின் வெளிச்சுவரில் துளையிட்டு ஒரு வேலை மேசையும் தட்டும் பொருத்த நினைத்தேன். முகாமைத்துவக் குழு தடுத்துவிட்டது. சொந்தப் பணத்தில் வாங்கிய வீட்டில் ஆணி அடிக்கக்கூட உரிமை இல்லையா?
— த., பம்பலப்பிட்டி

பிள்ளை, உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் குழுவின் பக்கம்தான் சட்டம் நிற்கிறது. தொடர்மாடி வீடுகளின் உடைமையை 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வகுக்கிறது. வீட்டின் உட்புறம் உங்களுடையது. வெளிச்சுவர், தூண், வளை போன்றவை எல்லோருக்கும் பொதுவானவை. சட்டத்தை விடுங்கள், அந்தச் சுவரில் துளையிட்டால் உப்புக்காற்றும் மழையும் உள்ளே இருக்கும் கம்பியைத் தேடிப் போகும். கம்பி துருப்பிடித்தால் வீங்கும், கொங்கிரீட்டைப் பிளக்கும். காலி வீதியின் கடற்கரைப் பக்கக் கட்டடங்களை நிமிர்ந்து பாருங்கள், பல்கனி அடித்தளங்களில் கம்பி பல்லிளிக்கும்.

உங்களுக்குச் சுவரே தேவையில்லை. 18 மில்லிமீற்றர் நீர் தாங்கும் ஒட்டுப்பலகையில் 4 அடிக்கு 20 அங்குலம் வெட்டி, மடக்குக் கால்கள் பொருத்துங்கள். உயரம் எவ்வளவு என்று புத்தகம் தேட வேண்டாம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையை நிலத்துக்குச் சமமாக மடியுங்கள். கை நிற்கும் உயரம்தான் மேசையின் உயரம். கால்களின் அடியில் றப்பர் விரிப்பு போட்டால் மூன்றாம் மாடிக்காரருக்குச் சுத்தியல் சத்தம் குறையும். தட்டை நிலத்தில் நிற்கும் ஏணிச் சட்டத்தில் செய்யுங்கள்.

உள் அறைச் சுவரில் மாட்ட விரும்பினால், முதலில் விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கூடான சத்தம் வந்தால் அது உள்ளீடற்ற கல். சாதாரண றோல் பிளக் அதில் நிற்காது. படச்சட்டம் தாங்கும், ஆயுதப் பெட்டி தாங்காது.

அங்கிள், என்னிடம் 4 அங்குலக் கிரைண்டர் ஒன்று இருக்கிறது. பலகை வெட்ட அதில் பல்லுள்ள மரவாள் வட்டு போட்டிருக்கிறேன். ஆழமாக வெட்ட, காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு 7 அங்குல வட்டும் போடலாம் என்று நண்பன் சொல்கிறான். சரிவருமா?
— நி., மட்டக்குளி

தம்பி, இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் அந்த வட்டைக் கழற்று.

கணக்கைக் கேள். வெட்டு வட்டின் விளிம்பு நொடிக்கு 80 மீற்றர் வேகத்தைத் தாங்குமாறு செய்யப்பட்டிருக்கிறது. 4 அங்குல வட்டில் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் அச்சிட்டிருப்பதும், 7 அங்குல வட்டில் 8,500 மட்டும் அச்சிட்டிருப்பதும் அதனால்தான். உன் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. அதில் 7 அங்குல வட்டைப் போட்டால் விளிம்பு வேகம் நொடிக்கு 100 மீற்றரைத் தாண்டும். வட்டு சிதறும். சிதறும் துண்டைத் தடுக்க இருந்த ஒரே பொருள், நண்பன் கழற்றச் சொல்லும் அந்தக் காப்புத் தகடு.

பல்லுள்ள வட்டு அதைவிடக் கெட்டது. மரத்தின் முடிச்சில் ஒரு பல் மாட்டினால் கருவி முழுவதும் உன்னை நோக்கித் துள்ளும். தொடையிலோ கழுத்திலோ வந்து நிற்கும். அந்தக் கருவியில் மரவாளுக்குரிய தாங்கு தட்டும் இல்லை, கைவிட்டால் உடனே நிற்கும் ஏற்பாடும் பெரும்பாலும் இல்லை. மரம் வெட்ட வட்டவாள் வாங்கு. பணம் சேரும் வரை கைவாளால் வெட்டு. கூரான கைவாள் 1 அங்குலப் பலகையில் எவ்வளவு வேகமாக இறங்கும் என்று உன் தலைமுறைக்குத் தெரியாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, றப்பர் செருப்புடன், கண்ணாடி இல்லாமல் கிரைண்டர் பிடிக்கிறவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். அவர்கள் இதுவரை தப்பியிருக்கிறார்கள் என்பதைத் திறமை என்று எண்ணிவிடாதே.

எங்கள் பின்வளவில் பெரிய பலாமரம் ஒன்று நிற்கிறது. பட்டறைக்கு இடமும் வேண்டும், மேசைக்குப் பலகையும் வேண்டும். வெட்டிவிட்டால் இரண்டும் கிடைக்குமே?
— ஜோ., வத்தளை

நம்முடைய மரம் என்றாலும் பலாவை நினைத்தபடி வெட்ட முடியாது. பலா, ஈரப்பலா, பனை ஆகியவற்றுக்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் காவல் நிற்கிறது. கிராம சேவையாளர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறுங்கள். மரத்தை ஆலைக்கு ஏற்றிச் செல்வதைப் பற்றியும் அங்கேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொலிஸ் வழியில் மறித்தால் "வீட்டு மரம்" என்ற பதில் உதவாது.

அனுமதி கிடைத்தாலும் மேசை இந்த வருடம் வராது. அரிந்த பலகை ஒவ்வோர் அங்குலத் தடிப்புக்கும் ஏறக்குறைய ஒரு வருடம் நிழலில் உலர வேண்டும். பலகைகளுக்கு இடையில் ஒரே அளவான சலாகைத் துண்டுகளை, ஒன்றின் மேல் ஒன்று நேராக வரும்படி வைத்து அடுக்குங்கள். வெட்டு முனைகளில் பழைய பெயின்ட் பூசுங்கள், முனைதான் முதலில் காய்ந்து வெடிக்கும். வெளிப்புறத்து வெளிறிய பாகத்தை அரிந்து தள்ளிவிடுங்கள், கறையானுக்கு விருப்பமானது அதுதான். நடுவில் இருக்கும் மஞ்சள் வைரப் பாகத்தைக் கறையான் லேசில் தொடாது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாவைத் தேடுகிறார்கள், உங்கள் மேசைக்குக் குறைவே இல்லை.

ஆனால் காய்க்கிற மரம் என்றால் நான் வெட்ட மாட்டேன். உலர்ந்த பலகை மொறட்டுவையில் வாங்கலாம். ஒரு வேளைச் சோற்றுக்கு ஈடாகப் பலாக்காய் தருகிற நிழலை எங்கே வாங்குவது?

பழைய வீட்டை இடித்ததில் இருபது கல்நார் (அஸ்பெஸ்டஸ்) கூரைத் தகடுகள் நல்ல நிலையில் இருக்கின்றன. பட்டறைக் கூரைக்கு வெட்டிப் போடலாமா?
— எம்.எப்., கொட்டாஞ்சேனை

வெட்ட வேண்டாம், துளைக்க வேண்டாம், தேய்த்துக் கழுவவும் வேண்டாம். கல்நாரின் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. தூசு மூச்சில் போனால் நோய் தெரிய இருபது முப்பது வருடம் ஆகலாம். அதனால்தான் "அப்பா காலத்திலிருந்து வெட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்ல முடிகிறது. தகடுகளை நனைத்து, உடைக்காமல், பொலித்தீனில் சுற்றி ஓரமாக வையுங்கள். அகற்றும் வழியை மாநகர சபையிடம் கேளுங்கள். பட்டறை என்பது தினமும் தூசு எழும் இடம், அதற்கு மேலே இதுவும் வேண்டாம்.

வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து இரண்டாவது வீடு. உளி, சீவுளி எல்லாம் மாதத்துக்குள் துருப்பிடிக்கின்றன.
— க., வெள்ளவத்தை

வியர்வைக் கையால் தொட்ட பிறகு துடைக்காமல் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் மெல்லிதாகப் பூசி, இறுக மூடும் பெட்டியில் கற்பூரக் கட்டியுடன் வையுங்கள். அலுமாரியைக் கடல் பக்கச் சுவரில் வைக்காதீர்கள். ஆயுதங்களைச் சீமெந்துத் தரையில் ஒருபோதும் விடாதீர்கள். கதவுப் பிணைச்சலும் திருகாணியும் வாங்கும்போது பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

தாத்தா, எனக்குப் பதின்மூன்று வயது. பிறந்தநாள் காசு இருக்கிறது. முதலில் என்ன ஆயுதம் வாங்க வேண்டும்? அம்மா டிரில் வேண்டாம் என்கிறார்.
— அ., தெமட்டகொடை

அம்மா சொல்வது சரி, டிரில் பிறகு. செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் ஒன்று, கைவாள் ஒன்று, நடுத்தரச் சுத்தியல் ஒன்று. காசு மிஞ்சினால் பலகையை மேசையோடு இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப். மூலைமட்டத்தில் மட்டும் மலிவு பார்க்காதே. கடையிலேயே சோதிக்கலாம்: நேரான விளிம்புள்ள அட்டையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு போடு. மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் வாங்கு. விரிந்தால் அடுத்ததை எடுத்துத் தரச் சொல்.

முதல் வேலையாக, பழங்கள் வரும் மரப்பெட்டியின் பலகைகளைக் கழற்றி ஓர் அடி நீளத்தில் ஒரு பெட்டி செய். ஆணிகளை அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது பிடுங்கு. முடிந்ததும் எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளந்து, இரண்டு அளவுகளையும் எனக்கு எழுது. வித்தியாசம் 3 மில்லிமீற்றருக்குள் இருந்தால், அடுத்து ஒரு முக்காலிக்கு வரைபடம் அனுப்புகிறேன். கூடினால் அதே பெட்டியை இன்னொரு முறை செய்.